ஒன்பது பங்காளிகளும் ஒரு கிணறும்

ஜூன் மாதம் இங்கிலாந்தில் கோடைக்காலம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதை நம்பி இரண்டு டெரிலின் சட்டையும் ஒரு மெல்லிய கோட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். இறங்கிய மறுநாள் காலை, டெர்பிக்குப் பக்கத்தில் ஓர் என்ஜின் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, என் தலைமேல் பனி பெய்தது. மழை இல்லை, பனி. கிழிந்த தலையணையிலிருந்து பஞ்சு உதிர்வதுபோல் விழுந்தது. உள்ளூர்க்காரர்களே வானத்தைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார்கள். ஜூனில் இப்படிப் பார்த்ததே இல்லையாம். கார்த்திகை தீபத்தன்று மப்ளர் கட்டிக்கொள்கிற ஆள் நான், அங்கே கோட்டைக் கழற்றிக் கையில் பனியைப் பிடித்தேன். கூட வந்த கோயமுத்தூர் டீலர் என்னைக் கிறுக்கன் என்று முடிவு கட்டியிருப்பார்.

எழுபத்தைந்தாம் வருஷம் அது. திருவண்ணாமலை தேரடித் தெருவில் எனக்கு மோட்டார் பம்புசெட் கடை. நன்றாக விற்ற டீலர்களில் சிலரைப் பொறுக்கிக் கம்பெனிக்காரர்கள் சீமைக்கு அனுப்பினார்கள், அதில் நானும் ஒருவன். தொழிற்சாலையைப் பார்த்து முடித்ததும் மற்றவர்கள் லண்டனுக்குப் போவதாக ஏற்பாடு. நான் மட்டும் லெஸ்டர் நகரத்துக்குப் போக அனுமதி வாங்கியிருந்தேன். என் தம்பி ஏழுமலை அங்கே பஸ் ஓட்டுகிறான். அவனிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். உண்மையில் எனக்குச் சீமையைவிட அந்தக் கையெழுத்துதான் முக்கியம்.

விஷயம் இதுதான். எங்கள் நிலம் அடி அண்ணாமலையில் இருக்கிறது. அப்பா சாவதற்கு முன் அதை மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாதே. கிணறு மூன்று பேருக்கும் பொது, மோட்டாரும் பொது, ஆளுக்கு இரண்டு நாள் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாலொழிய யாரும் அந்த நிலத்தில் வேறு கிணறு வெட்டக் கூடாது என்றும் பத்திரத்தில் எழுதிவிட்டார். பெரியண்ணன் ஊரிலேயே இருந்து பயிர் வைக்கிறார், தம்பியின் பங்கையும் அவர்தான் பார்க்கிறார். நான் என் பங்குக்கு ஆள் போட்டிருக்கிறேன்.

போன பங்குனியில் சண்டை வந்தது. என் முறை நாளில் கரண்ட் இல்லை. மறுநாள் அண்ணன் முறை, அன்றைக்குக் கரண்ட் காலையிலிருந்தே போகாமல் நின்று விளையாடியது. "நேத்து கெட்டுப்போன முறையை இன்னிக்குக் குடு" என்றேன். "முறைன்னா முறைதான். கரண்ட் வரலன்னா போய் கரண்ட் ஆபீஸ்ல கேளு" என்றார் அண்ணன். என் வேர்க்கடலை என் கண்ணெதிரே சுருண்டது. அத்தோடு அவரோடு பேச்சை நிறுத்தினேன். தனிக் கிணறு வெட்டிக்கொண்டு விலகிவிடுவது என்று பேப்பர் தயார் பண்ணினேன். ஆளிடம் கொடுத்தனுப்பினேன், அண்ணன் அதைப் படித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பாக்கி தம்பி ஒருவன்தான்.

இந்தக் கதை தெரிந்தால்தான் அந்த ஒரு வாரம் நான் ஏன் அந்தக் குதி குதித்தேன் என்பது விளங்கும்.

தொழிற்சாலைச் சுவரில் இரண்டு சுவரொட்டிகள் அடுத்தடுத்து ஒட்டியிருந்தன. ஒன்றில் 'ஆம்' என்றும் மற்றதில் 'இல்லை' என்றும் பெரிய எழுத்து. என்ன தேர்தல் என்று ஃபோர்மேனிடம் கேட்டேன். சிவந்த முகமும் நரைத்த மீசையுமாக நல்ல மனிதர். அவர் சொன்னார்: "பிரான்சு, நாங்கள் என்று ஒன்பது நாடுகள் சேர்ந்து ஒரு பொதுச்சந்தை வைத்திருக்கிறோம். நாங்கள் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அதிலேயே இருப்பதா, விலகுவதா என்று வியாழக்கிழமை நாடு முழுக்க ஓட்டுப் போடுகிறோம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒன்பது பங்காளிகள், ஒரு கிணறு. இரண்டரை வருஷத்துக்குள் முறைச் சண்டை. என் வழக்கை ஒரு நாடே எடுத்துக்கொண்டு ஓட்டுப் போடப் போகிறது என்று தோன்றிவிட்டது. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த ஆவலைப் பார்த்து அவர் சிரித்தார். "நான் ஒரு தடவை பிரான்சுக்குப் போயிருக்கிறேன், கையில் துப்பாக்கியோடு. அடுத்த தடவை பெண்டாட்டியோடு போக ஆசை. அதனால் இருக்கலாம் என்கிறேன்" என்றார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. நான் அதற்குள் விலகுகிற கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மத்தியானம் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாடு. அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பட்டாணி, மாவுக்குள் மூடிய கறி. மூன்றிலும் உப்பைத் தவிர ஒரு ருசியும் இல்லை. மேஜையில் இருந்த மிளகுத்தூளை நான் கவிழ்த்த வேகத்தைப் பார்த்துப் பரிமாறிய அம்மாள் புட்டியை என் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். போகிற அவளை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இதில் சேர்ந்த பிறகு வெண்ணெய் விற்கிற விலையைப் பார்த்தீர்களா? போய்த் தொலையலாம்" என்றாள். இன்னொரு துண்டு மாவுக்கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கட்சிக்காரி இல்லையா.

செவ்வாய்க்கிழமை ரயிலில் லெஸ்டருக்குக் கிளம்பினேன். வண்டி சுத்தம், ஆள் கூட்டம் இல்லை, காபி விற்கிறவன் குரல் இல்லை. விழுப்புரம் வண்டியில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகியவனுக்கு அந்த அமைதியே ஒரு மாதிரி இருந்தது. லெஸ்டர் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவண்டை போனேன். கதவில் கைப்பிடி இல்லை. தடவிப் பார்த்தேன், தள்ளிப் பார்த்தேன், தோளால் முட்டியும் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் பஸ் டிரைவர் உடுப்பில் நின்ற என் தம்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான்.

எதிர் சீட்டில் பின்னல் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி எழுந்து வந்து செய்து காட்டினாள். ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்க வேண்டும், கையை வெளியே விட வேண்டும், வெளிப்பக்கம் இருக்கிற கைப்பிடியைத் திருக வேண்டும். உள்ளே இருப்பவன் வெளியே போக, வெளியே கை நீட்ட வேண்டுமாம். "இதேபோலத்தான் தம்பி, உள்ளே ஏறினால் இறங்குவது கஷ்டம்" என்றாள், தன் கோட்டில் குத்தியிருந்த 'இல்லை' வில்லையைத் தட்டிக் காட்டி. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டி பிடித்துத் திரும்பினேன். வழியெல்லாம் கோபத்துக்குப் பதிலாகச் சிரிப்புதான் வந்தது.

"சின்னண்ணா, நீ மோட்டார் விக்கறவன்தானே? ஒரு கதவு தொறக்கத் தெரியலியா?" ஏழுமலை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதுதான். கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து போன பிறகு கொஞ்சம் தொந்தி போட்டிருந்தான், முன்தலை ஏறியிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் ரயில்காரனைத் திட்டினேன்.

அவன் மனைவி வளர்மதி செங்கம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் முன்புதான் இங்கே வந்தாள், ஒரு பனியன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு, அதற்குள் புடவை கட்டி வாசலுக்கு வந்தாள். "வாங்க மாமா, ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றவள், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இட்லியை வைத்துவிட்டாள். இந்தக் குளிரில் மாவு எப்படிப் புளிக்கிறது என்று கேட்டேன். மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற அலமாரியில், மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே மாவுப் பாத்திரம் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் மாவு பொங்கி வழிகிறதே என்று திட்டுகிறோம், இங்கே அதைச் சீராட்டி வளர்க்கிறார்கள்.

வீட்டு ஜன்னலில் இரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. இடப்பக்கம் 'ஆம்'. வலப்பக்கம் 'இல்லை'.

"இன்னாடா இது?" என்றேன்.

"இடப்பக்கம் என்து. வலப்பக்கம் உன் தம்பி பொண்டாட்டிது" என்றான் ஏழுமலை. "எங்க ரெண்டு பேருக்குமே ஓட்டு இருக்குதுண்ணா. நம்ம மாதிரி காமன்வெல்த் ஆளுங்க இங்க குடியிருந்தா போடலாம்."

நம்மை இருநூறு வருஷம் ஆண்டவன் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்று செங்கத்துப் பெண் ஓட்டுப் போடப் போகிறாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நீ ஏம்மா வேணாங்கற?" என்று கேட்டேன்.

"எல்லாம் வெலை ஜாஸ்தி ஆயிடுச்சு மாமா. நியூசிலாந்து வெண்ணெய் எவ்ளோ சல்லிசா வந்துச்சு தெரியுமா? அது பழைய ஒறவு. புதுசா வந்த பங்காளிங்களுக்காகப் பழைய ஒறவை வாசல்ல நிறுத்தறாங்க. எங்க தொழிற்சாலையில பாதிப் பேர் வேணாம்னுதான் சொல்றாங்க" என்றாள். பேசும்போது அவள் கண் பளபளத்தது. "எங்க ஊர்ல ஒருவாட்டி ஓட்டுப் போட்டேன். எங்கப்பா சொன்ன சின்னத்துல குத்துனேன். இது நானா யோசிச்சுப் போடற ஓட்டு. ரெண்டு பக்கத்துக்காரங்களும் அனுப்புன புஸ்தகத்தையும் எழுத்துக்கூட்டிப் படிச்சேன்."

அப்படியே அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து பேப்பரை எடுத்து ஏழுமலை முன் வைத்தேன். அவன் ஒரு வரி விடாமல் படித்தான். பெரியண்ணன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தனிக் கிணறு எங்க வெட்டப் போற?"

"மேட்டுப் பக்கம். ஆழமா எறக்கிப் பெரிய மோட்டாரா வெச்சுக்கறேன்."

"அப்ப பழைய கிணத்துல தண்ணி நிக்குமா?"

நான் பேப்பரை அவன் பக்கம் தள்ளினேன். ஆழக்கிணறு பக்கத்துக் கிணற்றை வற்ற வைத்துவிடும் என்று பம்புசெட் வியாபாரிக்குத் தெரியாமல் இல்லை.

"ஒண்ணு பண்ணலாம்ணா," என்றான். "வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்துடும். இந்த நாடு விலகுனா நான் கையெழுத்துப் போடறேன். இருந்துட்டா நீ இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடணும். சரியா?"

வேறு ஆளாக இருந்தால் இது என்ன விளையாட்டு என்று கோபித்துக்கொண்டிருப்பான். நான் "சரி" என்று கை அடித்தேன். கேன்டீன் அம்மாள், ரயில் கிழவி, வளர்மதி, எல்லாரும் என் பக்கம். தோற்பேனா?

புதன்கிழமை வெயில் வந்தது. முந்தாநாள் பனி பெய்த ஊரா என்று சந்தேகப்படும்படி பளீரென்று அடித்தது. ஏழுமலை ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றினேன். பஸ் நின்ற இடத்தில் மட்டும் ஏறுகிறார்கள், நின்ற பிறகு மட்டும் இறங்குகிறார்கள். கூரையில் மூட்டை இல்லை, ஆடு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் எந்தப் பக்கம் என்று கேட்டேன். வெள்ளைக்காரன் முன்பின் தெரியாதவனிடம் பேச மாட்டான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், சுத்தப் பொய். அந்த வாரம் அதை மட்டும் கேட்டால் போதும், மடை திறந்த மாதிரி பேசினார்கள். ஒரு மாணவன், ஒரு தபால்காரர், குழந்தையோடு ஒரு தாய். ஏழுமலை கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். கணக்கில் 'இருக்கலாம்' கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் வந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் அப்படி, நடந்து போகிறவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வளர்மதியோடு துவரம்பருப்பு வாங்க ஒரு குஜராத்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். அங்கே பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தாராம். அவரிடமும் என் கேள்வியைக் கேட்டேன். அவர் பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "இருக்கிறாயா, போகிறாயா என்று எங்களை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. போ என்றார்கள், வந்தோம். இப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். நான் இருக்கிறேன் என்றுதான் போடுவேன். எதிலிருந்தும் இனிமேல் கிளம்பத் தெம்பு இல்லை."

வீட்டுக்கு வந்ததும் வளர்மதி சாம்பார் வைத்தாள். நாக்கில் உறைத்ததும்தான் எனக்கு மறுபடியும் உற்சாகம் வந்தது.

வியாழக்கிழமை ஓட்டு. ஏழுமலை வேலைக்குப் போகிற வழியில் விடியற்காலையே போட்டுவிட்டான். வளர்மதி தொழிற்சாலை முடிந்து வந்து, முகம் கழுவி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் கோட்டு. நான் துணைக்குப் போனேன். பள்ளிக்கூடம் ஒன்றில் ஓட்டுச்சாவடி. ஒலிபெருக்கி இல்லை, தோரணம் இல்லை, வேன் வைத்து ஆள் ஏற்றி வருகிறவன் இல்லை, டீ வாங்கித் தருகிறவனும் இல்லை. வாசலில் ஒரு போலீஸ்காரர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நம் ஊரில் எழவு வீட்டில்கூட இதைவிட ஜனம் இருக்கும். எனக்கு உள்ளே விட அனுமதி இல்லை என்பதால் வேலியோரம் நின்றேன். என் கிணறு அங்கே உள்ளே ஒரு பெட்டிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளர்மதி சிரித்த முகத்தோடு வந்தாள். "விரல்ல மையே வெக்கல மாமா. பென்சில்தான் கட்டித் தொங்க விட்டிருக்காங்க. அழிச்சுடப் போறாங்கன்னு நல்லா அழுத்திப் போட்டேன்" என்றாள். அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. தேர் வடத்தைத் தொட்டுவிட்டு வந்தவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். கொண்டாட வேண்டும் என்று வழியில் காகிதத்தில் சுற்றிய பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினேன். மேலே வினிகர் என்று புளித்த காடியை ஊற்றுகிறான். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன், மூன்றாவது வாய்க்கு அவள் பங்கிலும் கை வைத்தேன்.

ஏழுமலை வந்ததும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். "எப்படிம்மா போட்ட? மாமாகிட்டச் சொல்லு" என்று நான்தான் கிளறினேன்.

"இருக்கறதான்னு கேட்டு, ஆமா ஒரு கட்டம், இல்ல ஒரு கட்டம். ஒரே ஒரு பெருக்கல் குறி போடுன்னு எழுதியிருந்துச்சு," என்றாள். "ஆமாங்கறது மேல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குப் பெருசா பெருக்கல் போட்டு அடிச்சுட்டேன்."

ஏழுமலையின் கை தட்டிலேயே நின்றது. "ஆமா மேலயா?"

"பின்ன? அதுதானே வேணாம்."

"அடிப்பாவி, இங்க எதுல பெருக்கல் போடறோமோ அதுதான் வேணும்னு அர்த்தம்." அவனுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "நீயும் என் கட்சிக்கே போட்டுட்ட."

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தேன். பெருக்கல் குறி போட்டால் தப்பு, சரி என்றால் வேறு குறி. வாத்தியார் சிவப்பு மையால் அப்படித்தானே பள்ளிக்கூடம் முழுக்க எங்களுக்குப் போட்டார். நான் போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

வளர்மதி சிரிக்கவில்லை. "போய்ச் சொல்லி மாத்திக்க முடியாதா?" என்றாள். முடியாது என்றான் அவன். "நான் சொன்னது ஒண்ணு, அவங்க எடுத்துக்கறது ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய், ஜன்னலில் ஒட்டியிருந்த தன் காகிதத்தை மெதுவாக, கிழியாமல் உரித்து எடுத்தாள். என் வீட்டுப் பெண்ணுக்கு அவமானம் நேர்ந்ததுபோல் எனக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க சமையலறை ரேடியோ முன்னால்தான் என் குடித்தனம். மாவட்டம் மாவட்டமாக முடிவு சொன்னார்கள். ஆம், ஆம், மறுபடியும் ஆம். லெஸ்டர் இருக்கிற மாவட்டமும் ஆம். ஒவ்வொன்றுக்கும் நான் தொடையில் அடித்துக்கொண்டேன். வடக்கே கடலுக்குள் இருக்கிற இரண்டு தீவுக்கூட்டங்கள் மட்டும் இல்லை என்றன. அந்தத் தீவுக்காரர்களை நேரில் பார்த்தால் மாலை போடுவேன் என்று ரேடியோவிடம் சொன்னேன். கடைசியில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஓட்டில் ஒன்றும் மாறியிருக்காது. "பாத்தியாம்மா, உன்னால இல்ல" என்று வளர்மதிக்குச் சொன்னேன். "அது தெரியும் மாமா" என்றாள். அன்றும் அவள் சோற்றைச் சாப்பிடாமல் பிசைந்துகொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை காலை லண்டன் பஸ் ஏற்ற ஏழுமலை வந்தான். தோற்றவன் நான். சொன்ன சொல்லைக் காப்பாற்ற பேப்பரை எடுத்துக் கிழிக்கப் போனேன். அவன் என் கையிலிருந்து அதை வாங்கி, பஸ் பக்கவாட்டில் வைத்து, சட்டைப்பை பேனாவால் கையெழுத்துப் போட்டான்.

"பந்தயம் நீதானேடா கெலிச்ச?" என்றேன்.

"கெலிச்சேன். ஆனா என் ஊட்டு ஓட்டே தப்பா வுழுந்து கெலிச்சேன். வளர்மதி ரெண்டு நாளா சரியா சாப்புடல, பாத்த இல்ல? போறேன்னு சொன்னவளை இருக்கறேன்னு எழுதிக்கிட்டாங்க. உன்னையும் பந்தயத்தைக் காட்டி அப்படிப் புடிச்சு வெக்க வேணாம்னு தோணுச்சு. போவணும்னா போண்ணா. இருந்தா நீயா இரு." பேப்பரை மடித்து என் கோட்டுப் பையில் வைத்தான். "பெரியண்ணனைக் கேட்டேன்னு சொல்லு."

பஸ் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து லண்டன் வரைக்கும் அழுதுகொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் முடிவு பிடிக்காத கட்சி என்று நினைத்திருக்க வேண்டும், ஆறுதலாக ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் கடையைக்கூடத் திறக்கவில்லை. ஒரு சீமை பிஸ்கட் டப்பாவை மோட்டார் பைக்கில் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு ஓட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது, அதுவே சுகமாக இருந்தது. மேட்டுப் பக்கம் போய்க் கிணறு வெட்டுகிற இடத்தைக் குறித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

கடலை காய்ந்த கழனியில் பிறகு நட்ட என் நெல் பச்சென்று நின்றது. நான் கிளம்பியபோது தண்ணீர் இல்லாமல் வாடிக் கிடந்த பயிர். மடை ஈரமாக இருந்தது, வாய்க்காலில் தண்ணீர் ஓடிய தடம் புதிது. அன்று காலையில்தான் என் முறை தொடக்கம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பம்பு ரூமின் நிழலில் பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். பங்குனிக்குப் பிறகு நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்த்துவிட்டு, வாய்க்காலைப் பார்த்தபடியே சொன்னார்:

"போன உன் முறையில ரெண்டு நாளும் கரண்ட் வரல. நேத்துதான் வந்துச்சு. உன் கழனிக்குத் திருப்பிட்டேன்."

நேற்று அவருடைய முறை. நான் திரும்பி அவர் நிலத்தைப் பார்த்தேன். கரையோரம் மண் வெடித்திருந்தது.

நான் பிஸ்கட் டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"தம்பி கையெழுத்துப் போட்டானா?"

"போட்டான். உன்னைக் கேட்டேன்னு சொன்னான்."

"ம். அந்த ஊர்ல இருக்கறதா போறதான்னு இன்னாவோ ஓட்டாமே. பேப்பர்ல வந்துச்சுன்னு டீக்கடையில பேசிக்கினாங்க. இன்னா ஆச்சு?" என்றார்.

"இருக்கறோம்னு சொல்லிட்டாங்கண்ணா."

"எத்தினி நாளைக்கு?"

"தெரியல. முறை ஒழுங்கா வுட்டா இருப்பாங்க."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு டப்பாவைத் திறந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து முகர்ந்து பார்த்துக் கடித்தார். நான் பம்பு ரூமுக்குள் போனேன். கரண்ட் இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து மடையை அவர் கழனிப் பக்கம் திருப்பினேன்.

"டேய், இன்னிக்கு உன் முறைடா" என்றார் அண்ணன்.

"தெரியும்" என்றேன்.